வண்டி சோதனையில் முகத்தைப் படம் எடுத்தார்கள்… என்ன செய்யலாம்?

கேள்வி: வடசென்னையில் குடியிருக்கிறோம். தம்பிக்கு 22 வயது. உணவு டெலிவரி வேலை பார்க்கிறான். போன மாதம் ஒரு நாள் இரவு 12 மணிக்கு மேல் வேலை முடிந்து வரும்போது வாகன சோதனையில் நிறுத்தினார்கள். லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. ஆனாலும் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, ஒரு காவலர் செல்போனில் முகத்தைப் படம் எடுத்தார். "உன் மேல கேஸ் காட்டுதே" என்று ஸ்டேஷனுக்கு அழைத்துப்போய் 3 மணிவரை உட்கார வைத்துவிட்டு, "ஆள் வேற, போ" என்று அனுப்பினார்கள். எதிலும் கையெழுத்து வாங்கவில்லை, ஒரு காகிதமும் தரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு தடவை ராத்திரியில் வீட்டுக்கு வந்து "தம்பி எங்க?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவன் மேல் எந்த வழக்கும் கிடையாது. தெருவில் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அப்பாவோ, "தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம், பெரிசாக்காதே" என்கிறார். அவன் படத்தை அழிக்கச் சொல்ல முடியுமா? புகார் கொடுத்தால் தொந்தரவு கூடுமா?
– பெயரும் பகுதியும் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, சட்டத்தை அப்புறம் பேசுவோம். தள்ளிப்போடக் கூடாத வேலை ஒன்று இருக்கிறது. இன்றைக்கே தம்பியை உட்கார வைத்து, அந்த இரவு நடந்ததை அவன் வாயால் சொல்லச் சொல்லி எழுதிவிடுங்கள். எந்தத் தேதி, எந்தச் சந்திப்பு, எத்தனை காவலர்கள், சட்டையில் இருந்த பெயர், வண்டி எண் என்று நினைவில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். மறந்ததை ஊகித்து நிரப்ப வேண்டாம். அவன் வேலை பார்க்கும் செயலியில் கடைசி டெலிவரி எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று பதிவாகியிருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வீட்டுக்கு வந்த இரண்டு இரவுகளுக்கும் இதேபோல் எழுதி, பார்த்தவர்கள் யார் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் அவசரம் ஏன் என்றால், ஸ்டேஷனில் இருக்கும் கேமரா. 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், பரம்வீர் சிங் சைனி வழக்கில், நாட்டின் எல்லா காவல் நிலையங்களிலும் நுழைவாயில், லாக்கப், வராண்டா, ஆய்வாளர் அறை என எல்லா இடத்திலும் ஒலியோடு பதிவு செய்யும் கேமராக்கள் வேண்டும் என்று உத்தரவிட்டது. பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு காலம் வைத்திருக்க வேண்டும். தம்பி உள்ளே போனதும், 3 மணிக்கு வெளியே வந்ததும் அதில் இருக்க வேண்டும். ஆனால் இருக்க வேண்டும் என்பதும் இருக்கும் என்பதும் ஒன்றல்ல. அதே ஆண்டு சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்தபோது விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், ஸ்டேஷன் கேமரா பதிவுகள் தினமும் தானாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை அறிக்கையில் எழுதினார். அதனால் "இந்தத் தேதி இரவு 12 முதல் விடிகாலை 4 வரையான நிலையக் கேமரா பதிவைப் பாதுகாத்து வையுங்கள்" என்று எழுத்தில் கேட்பதுதான் உங்கள் மனுவின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

சரி, படம் எடுக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறதா? இதற்கென்று இருக்கும் சட்டம், 2022 ஆகஸ்ட் 4 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம். வெள்ளைக்காரன் காலத்து 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டுக் கொண்டுவந்தார்கள். கைரேகை, கருவிழி, புகைப்படம், கையெழுத்து எல்லாம் இதில் அடங்கும். 75 ஆண்டுகள் வரை வைத்திருக்கலாம். கடுமையான சட்டம்தான். ஆனால் அந்தச் சட்டத்திலேயே யாரிடம் எடுக்கலாம் என்று வரையறை உண்டு: தண்டிக்கப்பட்டவர், கைதானவர், தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர், நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுக்க உத்தரவானவர். இவர்கள் தவிர வேறு ஒருவரிடம் எடுக்க வேண்டுமானால் நடுவரின் உத்தரவு வேண்டும். வேலை முடிந்து வண்டியில் வீட்டுக்குப் போகிறவர் இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. வண்டியை நிறுத்தி ஆவணங்களைப் பார்க்க மோட்டார் வாகனச் சட்டம் அதிகாரம் தருகிறது. லைசென்ஸில் இருப்பவர் நீங்கள்தானா என்று பார்க்க ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னாலும் நியாயம்தான். அதற்கு மேல் போய், முகத்தைப் படம் பிடித்துக் குற்றவாளிகளின் படத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. முக அடையாளம் காணும் தொழில்நுட்பத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டமே கிடையாது. ஹைதராபாத்தில் 2021 ஊரடங்கின்போது முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் படம் எடுக்கப்பட்ட ஒரு சமூகச் செயற்பாட்டாளர், இதே கேள்வியோடு தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார்.

ஸ்டேஷனில் உட்கார வைத்தது இன்னொரு தவறு. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும். கைது செய்யாமல் வரச்சொல்ல வேண்டுமானால் எழுத்தில் அறிவிப்பு கொடுக்க வேண்டும். 'சும்மா விசாரிக்கக் கூட்டிப்போனோம்' என்று மூன்று மணி நேரம் வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை.

இதைப் படித்துவிட்டு, அடுத்த முறை தம்பி சாலையிலேயே சட்டம் பேச வேண்டாம். நான் இதை அழுத்திச் சொல்கிறேன். காவலரின் சட்டப்படியான கட்டளைக்குக் கீழ்ப்படிய மறுத்தால் அப்புறப்படுத்தவும் பிடித்து வைக்கவும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 172-ஆம் பிரிவு இடம் தருகிறது. எது சட்டப்படியான கட்டளை என்ற வாதத்தை நள்ளிரவில், நடுத்தெருவில், தனியாக நிற்கும் 22 வயதுப் பையன் ஜெயிக்க முடியாது. "எந்த வழக்குக்காக சார் எடுக்கிறீங்க?" என்று ஒருமுறை பணிவாகக் கேட்கட்டும். மீறி எடுத்தால் தடுக்க வேண்டாம். நேரத்தையும் இடத்தையும் உடனே உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். அந்தச் செய்தியே பிறகு ஆதாரமாகும். போனைத் திறந்து காட்டச் சொன்னால், 'எழுத்தில் கொடுங்கள், ஒத்துழைக்கிறேன்' என்று சொல்லலாம்.

இனி, 'கேஸ் காட்டுதே' என்ற வார்த்தை. உங்கள் வீட்டைக் கலங்கடித்தது அதுதான் என்று நினைக்கிறேன். காவலரின் போனில் இருக்கும் முக அடையாளச் செயலி ஒரு முகத்தை அடையாளம் 'கண்டுபிடிப்பது' இல்லை. கண், மூக்கு, தாடை இவற்றின் அமைப்பை எண்களாக மாற்றி, தொகுப்பில் இருக்கும் முகங்களின் எண்களோடு ஒப்பிட்டு, எது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு மதிப்பெண் போடும். எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் 'இவர்தான்' என்று எடுத்துக்கொள்வது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். டெல்லி காவல்துறை 80 சதவீத ஒற்றுமை இருந்தாலே பொருந்தியதாக எடுத்துக்கொள்வதாக, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 2022-இல் வந்த பதிலில் தெரிந்தது. அதே டெல்லி காவல்துறை, காணாமல் போன குழந்தைகளைத் தேடப் பயன்படுத்திய மென்பொருளின் துல்லியம் 2 சதவீதம்தான் என்று 2018-இல் உயர் நீதிமன்றத்தில் சொன்னது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். செயலி ஆயிரத்தில் ஒருமுறைதான் தவறு செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் எந்தக் குற்றமும் செய்யாத பத்தாயிரம் பேரைச் சாலையில் நிறுத்திப் படம் எடுத்தால், பத்துப் பேர் வீட்டுக்குப் போகாமல் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பார்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில், வியர்வையோடு, ஹெல்மெட் தழும்போடு எடுத்த படத்தில் அந்தத் தவறு இன்னும் கூடும். தொகுப்பில் முகங்கள் அதிகமாக ஆக, சாயல் ஒத்த வேறொருவர் கிடைக்கும் வாய்ப்பும் கூடும். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரை, கடைத் திருட்டு வீடியோவில் இருந்த முகம் அவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படத்தோடு ஒத்துப்போகிறது என்று கணினி சொன்னதை நம்பி, 2020 ஜனவரியில் மனைவி, மகள்கள் கண்ணெதிரே கைது செய்தார்கள். திருடியது அவர் இல்லை. 2024-இல் நகர நிர்வாகம் இழப்பீடு கொடுத்தது. முகப் பொருத்தத்தை மட்டும் வைத்துக் கைது செய்யக் கூடாது என்ற விதிக்கும் ஒப்புக்கொண்டது. செயலி காட்டுவது துப்பு மட்டும்தான். அதைச் சரிபார்க்க வேண்டியது காவலர். தம்பி விஷயத்தில் சரிபார்க்க மூன்று மணி நேரம் எடுத்திருக்கிறார்கள். அந்த நேரத்துக்குக் கணக்கு எங்கும் எழுதப்படவில்லை.

வீட்டுக்கு வந்து விசாரிப்பது பற்றி நம் நீதிமன்றங்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசி வருகின்றன. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவரை 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடித்து, ஆதாரம் இல்லையென்று விட்டுவிட்டார்கள். ஆனாலும் அவர் பேரில் பதிவேடு திறந்து, ராத்திரியில் கதவைத் தட்டி, ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 1962-இல் உச்ச நீதிமன்றம், இரவில் வீட்டுக்கு வரும் அந்த விதி செல்லாது என்றது. ஆனால் அந்தரங்கம் என்று தனி உரிமை அரசமைப்பில் இல்லை என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அந்தக் குறையைத் தீர்த்தது 2017 ஆகஸ்ட் 24-இல் வந்த புட்டசாமி தீர்ப்பு. ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் 21-ஆம் பிரிவின்கீழ் அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதில் கை வைக்க வேண்டுமானால் ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், எடுக்கும் நடவடிக்கை அந்த நோக்கத்துக்கு மிஞ்சிப் போகக் கூடாது. உங்கள் விஷயம் முதல் படியிலேயே தடுக்கி விழுகிறது. சட்டமே இல்லை.

இரண்டு முறை வந்துவிட்டார்கள் என்பதால் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. தம்பியின் பெயர், தொடர்ந்து கண்காணிக்க வேண்டியவர்கள் என்று காவல் நிலையத்தில் எழுதி வைக்கும் சரித்திரப் பதிவேட்டிலோ பீட் காவலரின் கண்காணிப்புப் பட்டியலிலோ ஏறியிருக்கலாம். அல்லது அவன் சாயலில் இருக்கும் வேறொருவரின் பதிவில் உங்கள் முகவரி ஒட்டிக்கொண்டிருக்கலாம். சென்னையில் ரவுடிகளைத் தொடர்ந்து கண்காணிக்கப் 'பருந்து' என்ற செயலியே இருக்கிறது. முன்பு ஒரு ஸ்டேஷனின் நோட்டில் இருந்த தவறு அந்த ஸ்டேஷனோடு போகும். இன்று செயலியில் ஏறிய தவறு எந்த ஊர் சோதனைச் சாவடியிலும் வந்து நிற்கும். 2024 மே மாதம் அமானத்துல்லா கான் வழக்கில் உச்ச நீதிமன்றம், சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கியவர்கள் என்பதற்காகவே குற்றமற்றவர்களின் பெயரைச் சரித்திரப் பதிவேட்டில் இயந்திரத்தனமாக ஏற்றக் கூடாது என்று கவலைப்பட்டு, எல்லா மாநிலங்களும் இதைக் கவனிக்க வேண்டும் என்றது. இந்தத் தீர்ப்பை மனுவில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

இப்போது அப்பாவுக்கு. அவர் சொல்வதை நான் அலட்சியப்படுத்தவில்லை. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது நிலையத்தில் ஒரு கேமராகூட இல்லை என்பது இந்த நகரத்தை உலுக்கியது. அதற்குப் பிறகு தெருவுக்குத் தெரு கேமரா வந்ததை மக்கள் வரவேற்றார்கள். கழுத்துச் சங்கிலியைப் பறிகொடுத்த பெண்ணிடம் போய் அந்தரங்க உரிமை பற்றி நான் பாடம் நடத்த மாட்டேன். நடந்த குற்றத்துக்குச் சாட்சியாக இருக்கும் கேமரா வேறு, இனிமேல் யார் குற்றம் செய்வார் என்று முன்கூட்டியே பெயர் எழுதி வைப்பது வேறு. அப்பா இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறார்.

பெயர் எழுதி வைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. குற்றப்பரம்பரைச் சட்டம் 1871-இல் வட இந்தியாவில் வந்தது. 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்ததே போதும், கைரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் போலீஸ் சொன்ன இடத்தில் படுக்க வேண்டும். தென் மாவட்டத்தில் அதை ரேகைச் சட்டம் என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பிரமலைக் கள்ளர் மக்கள்மேல் துப்பாக்கிச்சூடு நடத்தினார்கள். மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் இறந்தார்கள். 1947-இல் இங்கே அந்தச் சட்டம் நீங்கியது. அந்த மக்கள் என்ன தப்பு செய்திருந்தார்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள். தப்பு செய்யாதவருக்குப் பயமில்லை என்பது, பட்டியல் எழுதுபவர் தப்பே செய்யமாட்டார் என்றால்தான் பொருந்தும்.

கணினி எழுதினால் சாதி, ஏரியா பார்க்காதே என்று தோன்றலாம். கணினிக்குத் தீனியாகப் போவது பழைய வழக்குகள்தான். எங்கே அதிகம் ரோந்து போனார்களோ அங்கே அதிகம் சின்னச் சின்ன வழக்குகள் பதிவாகியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'இங்கேதான் குற்றம் நடக்கும்' என்று கணினி சொல்லும், அங்கேயே மறுபடியும் ரோந்து போகும், மறுபடியும் வழக்கு பதிவாகும். வியாசர்பாடி, கண்ணகி நகர் என்று முகவரி சொன்னாலே வேலை தரத் தயங்குகிறவர்கள் இருக்கும் ஊர் இது. அந்தத் தயக்கம் எண்ணாக மாறிவிட்டால் அதை எதிர்த்துப் பேசவும் ஆள் இருக்க மாட்டார். சிகாகோ காவல்துறை, துப்பாக்கி வன்முறையில் சிக்கக்கூடியவர்கள் என்று ஆட்களுக்கு மதிப்பெண் போட்டுப் பட்டியல் வைத்திருந்தது. 2016-இல் ராண்ட் ஆய்வு நிறுவனம் பார்த்தபோது, பட்டியலில் இருந்தவர்கள் சுடப்படுவது குறையவில்லை, கைதாவதுதான் கூடியிருந்தது. 2019-இல் அதைக் கைவிட்டார்கள். ஒருவரின் குணநலக் கணிப்பை மட்டும் வைத்து அவர் குற்றம் செய்வாரா என்று சொல்லும் செயற்கை நுண்ணறிவை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது.

அப்பாவுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் யாரோ அத்துமீறி நுழைந்ததாக 2024 மே மாதம் செய்தி வந்தது. நிர்வாகிக் கணக்கு ஒன்றில் அது நடந்ததைக் காவல்துறையும் உறுதிசெய்தது. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். தம்பி தன் முகத்தை எங்கே போய் மாற்றுவான்?

மனு எழுதும் முறைக்கு வருகிறேன். ஒரே பக்கம் போதும். வேப்பேரியில் உள்ள காவல் ஆணையருக்கும், நகலைத் துணை ஆணையருக்கும் தம்பி தன் பெயரில் எழுதட்டும். கேமரா பதிவைப் பாதுகாக்கவும், எடுத்த படத்தையும் தேடல் விவரத்தையும் அழிக்கவும், தன் பெயரில் ஏதாவது பதிவேடு திறந்திருந்தால் அதைத் தெரிவித்து நீக்கவும், இரவில் வீட்டுக்கு வருவதை நிறுத்தவும் கேட்கட்டும். யாரையும் திட்டாமல், நடந்ததை மட்டும் எழுதட்டும். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வையுங்கள்.

அதோடு தனியாக ஒரு தகவல் உரிமை மனு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். சாலையில் படம் எடுக்க எந்தச் சட்டம் அல்லது அரசாணை அதிகாரம் தருகிறது, எத்தனை சதவீதம் ஒத்துப்போனால் பொருந்தியதாகக் கொள்கிறார்கள், பொருந்தாதவர்களின் படம் எத்தனை நாள் இருக்கும், கடந்த ஓராண்டில் எத்தனை பேரைத் தவறாகப் பொருத்தியது என்று கேளுங்கள். விசாரணை பாதிக்கும் என்று மறுப்பார்கள். வழக்கே இல்லாதவர்மேல் என்ன விசாரணை என்று முதல் மேல்முறையீட்டில் கேட்கலாம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இதற்கு நம்ப வேண்டாம். குற்றத்தைத் தடுப்பதற்கும் புலனாய்வுக்கும் அதில் பெரிய விலக்கு கொடுத்துவிட்டார்கள். அந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிய மனக்குறை அதுதான்.

புகார் கொடுத்தால் தொந்தரவு கூடுமா என்று கேட்டீர்கள். கூடாது என்று நான் உறுதி கொடுக்க முடியாது. ஆனால் என் அனுபவத்தில், எழுத்தில் எதுவும் இல்லாத வீட்டுக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஆணையர் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு தாள் ஸ்டேஷனுக்குப் போய்விட்டால், அடுத்த முறை வருகிறவர் ஏன் வந்தோம் என்று எழுத வேண்டியிருக்கும். பலருக்கும் அதுவே போதும். பயமாக இருந்தால் மனுவை வழக்கறிஞர் மூலம் அனுப்புங்கள். காசு வேண்டாம், 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடலாம். பெண் என்பதால் வருமானம் பார்க்காமலேயே உங்களுக்கு இலவச உதவி கிடைக்கும். உங்கள் வீட்டுக்குத்தான் ராத்திரியில் வந்தார்கள் என்பதால் நீங்களும் மனுதாரர் ஆகலாம்.

ஒரு மாதத்தில் பதில் இல்லை, வருவதும் நிற்கவில்லை என்றால் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுங்கள். கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் அரசமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம் இருக்கிறது. குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் போனை ஒட்டுக்கேட்டோம் என்று அரசு சொன்ன வழக்கில், சட்டம் அனுமதிக்காத ரகசியக் கண்காணிப்பு அந்தரங்க உரிமையை மீறுவது என்று 2025 ஜூலையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த உத்தரவையே ரத்து செய்தார். சாலையில் முகத்தைப் படம் எடுப்பதற்கும் அந்த வாதத்தை வைக்கலாம்.

தம்பி ராத்திரி ஷிஃப்டை விட வேண்டாம். மனுவின் நகல் ஒன்றை வண்டியின் ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளட்டும். அடுத்த சோதனையில் அதே செயலி அதே முகத்தைக் காட்டினால், முந்தைய தவறு பற்றி ஏற்கெனவே எழுதியிருக்கிறேன் என்று அதை எடுத்துக் காட்டட்டும். இரவில் மறுபடியும் வீட்டுக்கு வந்தால், கதவுக்கு வெளியே நின்றே பேசுங்கள், பெயரையும் எந்த வழக்கு என்பதையும் கேளுங்கள், பக்கத்து வீட்டு அக்காவை ஒரு குரல் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பதில் எது வந்தாலும் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள், மேல்முறையீட்டை நான் எழுதித் தருகிறேன்.